நிமியாவின் ஏழு குழாய்கள்

நிமியாவின் குழலை யாரும் ஊதக் கூடாது என்று அனீபல் சொல்லிவிட்டான். அதைத் தவிர வேறு எதற்கும் அவன் குறுக்கே நிற்கவில்லை.

சொன்ன இடம் பள்ளிக்கூட முற்றம். புனித வாரத்துக்குப் பத்து நாள் இருந்தது. கணவாய் மாதாவைக் கீழே அழைத்துவர மலை ஏறும் குழல் கோஷ்டிகளில் அவர்களுடையது சிறியது. பதினொரு ஜோடிக் குழல், மூன்று மேளம். நடத்துபவள் நெலிடா. ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பத்து ஜோடி சரியா இருக்கு. பதினொண்ணாவதுதான் பாதியா நிக்குது," என்றாள் நெலிடா. "அனீபல், உன் பக்கத்துல செல்ஸோ நிப்பான். நிமியாவோட குழலைக் கொண்டாந்து அவன்கிட்ட குடு. ஒரு வாரம் ஊதிப் பழகட்டும்."

"அவர் சொந்தக் குழல் கொண்டு வரட்டும் டீச்சர்."

"நேந்துக்கிட்டது அவ. அவ குழல் வந்தா நல்லதுதானே."

"மாதா சுரத்தைத்தான் கேப்பா. எந்தக் குழல்னு பாக்க மாட்டா."

"நீ எப்போலேருந்து மாதாவுக்காகப் பேச ஆரம்பிச்ச?"

நெலிடா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பேச்சை விட்டாள்.

அங்கே ஒரு பாட்டு எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் கையில் ஆறு நாணல் குழாய்களைச் சேர்த்துக் கட்டியது. மற்றவர் கையில் ஏழு. ஆறில் இருக்கும் சுரம் ஏழில் இல்லை, ஏழில் இருப்பது ஆறில் இல்லை. ஒருவர் ஊதும்போது மற்றவர் மூச்சு இழுப்பார். அவர் விட்ட இடத்தில் இவர் தொடங்குவார். தனியாக ஒருவர் ஊதினால் பல் போன வாய் பேசுவதுபோல இருக்கும். அனீபல் ஆறு. அவன் மனைவி நிமியா ஏழு.

நேர்த்திக்கடன் அவனுடைய காலுக்காக. நான்கு வருடத்துக்கு முன் ஒரு லாரிக்கு ஒதுங்கப்போய் மோட்டார் சைக்கிளோடு ஆற்றுப் பாறைகளில் விழுந்தான். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இவனை நடக்க வைத்தால் மூன்று வருடம் உன் காலடியில் வந்து ஏழு ஊதுகிறேன் என்று நிமியா மாதாவிடம் சொல்லிவிட்டாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் ஹுஹுய் நகரத்தில் மண்ணியல் படித்தவன். எலும்பு கூடியதற்குக் காரணம் உள்ளே வைத்த தகடு என்பான். "அந்தத் தகடை உனக்கு அனுப்பிவெச்சது யாரு?" என்பாள் அவள். முதல் வருடம் அவளுக்குத் துணையாகத்தான் ஆறைக் கையில் எடுத்தான். இரண்டு வருடம் ஏறி இறங்கினார்கள். போன ஜூலையில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் போய்விட்டாள்.

"நேந்துக்கிட்டது முடியாம போனவ அந்த வழியிலயே உக்காந்திருப்பா," என்று நிமியாவின் அம்மா சொன்னாள். "மூணாவது வருஷத்தை நீ போய் முடிச்சு வை. ஏழை யாரு ஊதினாலும் மாதா ஏத்துக்குவா. எம் முட்டிக்கு அந்த மலை ஆகாது, இல்லேன்னா நானே போவேன்."

"போறேன் அத்தை," என்றான். போவதில் அவனுக்குத் தடையில்லை. ஒன்பது மாதமாக எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

குழலுக்குள் அவள் மூச்சு இருக்கிறது என்று அவன் நம்பவில்லை. நாணல் மூச்சைத் தேக்கி வைக்காது. அது அவனுக்குத் தெரியும். ஆனால் அதைக் கடைசியாக ஊதியவள் அவள். வேறொருவர் ஊதினால் கடைசியாக ஊதியவர் வேறொருவர் ஆகிவிடுவார். அவ்வளவுதான் விஷயம். இதை யாரிடமும் விளக்க முடியாது என்பதால் விளக்கவில்லை.

குழல்கள் இரண்டும் அலமாரியின் கீழ் இழுப்பறையில் இருந்தன. நிமியா பழுப்பு லாமாக் கம்பளியில் ஒரே மாதிரி இரண்டு உறை பின்னியிருந்தாள். அவளுடைய மற்ற சாமான்களும் அங்கேதான். கிளம்புகிற காலை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டான். மேலே கிடந்த உறையை எடுத்துத் தோளில் மாட்டினான். காலாலேயே இழுப்பறையைத் தள்ளி மூடினான்.

வெயில் பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில் இருக்கும்போதே நடையைத் தொடங்கிவிட்டார்கள். முதல் இரண்டு மணி நேரம் வறண்ட ஓடைத் தடம். இரண்டு பக்கமும் சிவந்த சுவர்கள், நடுவில் உருண்டைக் கற்கள். மார்ச் மழை கொண்டுவந்து போட்ட சேறு வெடித்து ஓடு ஓடாகக் கிடந்தது. மிதித்தால் அப்பளம்போல நொறுங்கியது. சரிவுகளில் தூண் கள்ளிகள் ஆள் ஆளாக நின்றன.

செல்ஸோ அவன் பக்கத்திலேயே வந்தான். மலைமேல் ஊர்களுக்கு வேன் ஓட்டுபவன். நாற்பது வயது, நல்ல தொப்பை. வலது கன்னத்தில் எப்போதும் வெற்றிலைபோல மென்று அடக்கிய கோக்கா இலை உருண்டை ஒன்று பிதுங்கி நிற்கும். வேனில் ஆள் இல்லாவிட்டாலும் பேசிக்கொண்டு ஓட்டுபவன் என்று பெயர்.

"உக்காந்து உக்காந்து எனக்குக் காலே மறந்துபோச்சு இன்ஜினியரே. மேடு வந்தா இடது கால் தானா க்ளட்சைத் தேடுது."

"நான் இன்ஜினியர் இல்லண்ணே."

"படிச்சவன் எல்லாம் இன்ஜினியர். படிக்காதவன் எல்லாம் டிரைவர். இதுல என்ன." சட்டைப்பையிலிருந்து அவித்த மொச்சையை அள்ளி நீட்டினான். "பிடி. என் பொண்டாட்டி உப்புப் போட மறந்துட்டா. நீ சொல்லிடாத, கீழ போனா நல்லா இருந்துச்சுன்னு சொல்லணும்."

அனீபல் இரண்டு மொச்சை எடுத்துக்கொண்டான். செல்ஸோ நல்லவன். அதுதான் தொந்தரவாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் நிமியா நடந்துவந்த அந்த வலது பக்கத்தில் அவன் நடப்பதை வெறுத்துவிட்டுப் போகலாம்.

வழியில் கல்வாரி மேடைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சிலுவை, அதன் அடியில் இடுப்புயரக் கற்குவியல். ஏறுகிறவர்கள் ஆற்றிலிருந்து எடுத்துவந்த கல்லை வைப்பார்கள். மென்று சாறு போன இலையைக் கல்லின்மேல் ஒட்டுவார்கள். பூமித்தாய்க்கு ஒரு சொட்டுச் சாராயம். பிறகு கோஷ்டி முழங்காலிட்டு ஒரு பாட்டு ஊதும். முதல் மேடையில் அனீபல் ஒதுங்கி நின்றான்.

"நான் மேல போய் ஊதுறேன் டீச்சர். கால் வலிக்குது. மூச்சை மிச்சம் பிடிக்கிறேன்."

"கால் வலிக்கும் வாய்க்கும் என்னடா சம்பந்தம்," என்றாள் நெலிடா. ஆனால் விட்டுவிட்டாள்.

பத்து ஜோடி ஊதியது. ஓரத்தில் செல்ஸோவின் ஏழு தனியாகத் தத்தித் தத்தி வந்தது.

"நான் ஊதுறது எனக்கே கொட்டாவி விடுற மாதிரி கேக்குது," என்றான் செல்ஸோ, எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே. "என்னை இப்படித் தனியா விட்டுட்டியே இன்ஜினியரே."

இரண்டாம் மேடையிலும் அப்படியே நடந்தது.

அதற்கு மேல் தடம் ஓடையை விட்டு வலப்பக்கச் சரிவில் ஏறியது. கல் உதிரும் மண். ஒரு காலை ஊன்றினால் பாதி கீழே போகும். காற்று இளைத்தது. பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது, செல்ஸோவைத் தவிர. ஒரு வளைவில் கடைசித் தூண் கள்ளி நின்றது. அதற்கு மேலே மஞ்சள் புல்தான். போன வருடம் நிமியா அதன்கீழ் நின்று தொப்பியைக் கழற்றினாள். முள்ளுக்கு நடுவே இரண்டு விரலை விட்டு அதன் பச்சைத் தோலைத் தொட்டாள். "வரோம்," என்றாள் கள்ளியிடம். "இதுக்கு மேல நமக்கு நிழல் கிடையாது," என்று அவனிடம்.

அனீபல் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தான். கையை நீட்டவில்லை. கள்ளியின் நிழல் ஒரு கோடாக விழுந்திருந்தது. ஒருவர் நிற்கலாம். நெருக்கினால் இருவர்.

"என்ன இன்ஜினியரே, மண்ணா பாக்குற?"

"ஆமா," என்றான்.

மூன்றாம் மேடை கழுதை முதுகு என்று சொல்லும் முகட்டின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முழு முகடும் தெரியும். இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே கத்திவிளிம்புபோல எழுந்து போகும் பாறை. மேலே ஆள் ஒருவர் போகும் அகலம். இடப்பக்கம் ஊதா நிறச் சரிவு, வலப்பக்கம் சிவப்பு. இரண்டும் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் முடியும். ஒரு கோஷ்டி ஏறி முடிக்கும்வரை அடுத்த கோஷ்டி கீழே நிற்க வேண்டும், அதுதான் வழக்கம். முகட்டில் யாரும் யாரையும் முந்தக் கூடாது. முந்த இடமும் கிடையாது. முன்னால் போன கோஷ்டியின் மேளங்கள் முகட்டில் எறும்புச் சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தன.

எல்லோரும் உட்கார்ந்து ரொட்டியும் ஆட்டுப்பால் கட்டியும் தின்றார்கள். நெலிடா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அனீபல், இனி சாக்கு கிடையாது. முகட்டைத் தாண்டினா நேரா மாதா முன்னால நிக்கணும். செல்ஸோவோட ஒருதரம் ஊதிப் பாரு."

அவன் உறையின் முடிச்சை அவிழ்த்தான். குழலை வெளியே இழுத்தான். கட்டைவிரலை வழக்கம்போல முதல் குழாயிலிருந்து ஓட்டினான். விரல் முடிவுக்கு வரவேண்டிய இடத்தில் வரவில்லை. இன்னும் ஒரு குழாய் இருந்தது.

மூன்றாவது குழாயில் ஒரு கீறல். அதை அடைத்த மெழுகுவர்த்தி மெழுகு. கட்டியிருந்த சிவப்பு நூல்.

"என்ன?" என்றாள் நெலிடா.

அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு செல்ஸோ கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஏழு," என்றாள் மெதுவாக. "ரெண்டு பேரும் இடது கால் செருப்பைப் போட்டுக்கிட்டு மலை ஏறியிருக்கீங்க. இருபது வருஷமா இந்தக் கோஷ்டியை நடத்துறேன். எடுக்கிறப்போ எண்ணிப் பாக்காத ஆளை இப்போதான் பாக்குறேன். அதுவும் படிச்ச ஆள்."

மேளக்காரர்கள் பக்கம் சிரிப்புக் கேட்டது. செல்ஸோ சிரிக்கவில்லை. தன் துணிப்பையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"விடுங்க டீச்சர். என்கிட்ட ஆறும் இருக்கு." ஒரு புது ஆறை எடுத்துக் காட்டினான். விலைச் சீட்டுகூட இன்னும் ஒட்டியிருந்தது. "சந்தையில ஜோடியாத்தான் குடுத்தான். ஏழு மட்டும் வேணும்னேன். கல்யாணம் ஆனதைப் பிரிக்க மாட்டேன்னுட்டான்."

சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியது. கன்னத்து உருண்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினான். "இந்தா தம்பி," என்று ஆறை நீட்டினான். அதுவரை இன்ஜினியரே என்று கூப்பிட்டவன்.

அனீபல் நிமியாவின் குழலை மடியில் வைத்துவிட்டு அதை வாங்கினான். புது நாணலுக்கு வார்னிஷ் வாசனை. நெலிடா தாளம் போட்டாள். அவன் ஊத, செல்ஸோ பதில் ஊத, பாட்டு வந்தது. செல்ஸோ ஒரு வாரத்தில் நன்றாகப் பழகியிருந்தான். ஒரு சுரமும் தப்பவில்லை. நிமியா கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கும் நான்காம் சுரத்தை அவன் நேராகப் பிடித்தான். அதுதான் சரியான பிடிப்பு. எல்லாம் சரியாக இருந்தது. மாதா ஏற்றுக்கொள்வாள். கோஷ்டி ஏற்றுக்கொள்ளும். கீழே அத்தை மெழுகுவர்த்தி ஏற்றி முடிந்தது என்று படுப்பாள். நிமியா நின்ற இடத்தில் ஒரு பிசிறும் இல்லாமல் வேறொருவர் நின்றிருப்பார்.

அனீபல் பாதிப் பாட்டில் நிறுத்தினான்.

"என்னாச்சு?"

"அண்ணே, ஆறை நீங்க ஊதுங்க. ஏழு நான் ஊதுறேன்."

"செல்ஸோ முன்னாடி ஆறும் ஊதினவன். நீ ஏழு ஊதினதே இல்லியே," என்றாள் நெலிடா.

"பாட்டு தெரியும்."

"பாட்டு எனக்குந்தான் தெரியும். என்னால மேளம் அடிக்க முடியுமா? அனீபல், மேல இருக்கிறது பள்ளிக்கூட முற்றம் இல்ல. பாதியில நின்னா அவ மூணாவது வருஷமும் பாதியில நிக்கும். அப்புறம் உங்க அத்தை கேட்டா நான் என்ன சொல்றது?"

"நிக்காது டீச்சர்."

"நிக்காதுன்னு கல்லுப் பாக்கிற உனக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குத் தெரியவில்லை. எதையாவது இவ்வளவு வேண்டுமென்று நினைத்து எத்தனை நாள் ஆயிற்று என்பதும் தெரியவில்லை. "அவ நேந்துக்கிட்டது என் காலுக்கு," என்றான். "வேற யாரும் ஊத வேணாம்."

நெலிடா முகட்டைப் பார்த்தாள். முன்னால் போன கோஷ்டி உச்சியை நெருங்கிவிட்டது. "முகடு ஏற ஒண்ணரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள வந்துச்சுன்னா ஊது. வரலேன்னா பழையபடி மாத்திக்கணும். நான் சொல்றதுதான் கடைசி."

அவன் நிமியாவின் குழலை எடுத்து உதட்டில் வைத்தான். ஊதினான். சுரம் வரவில்லை. வெறும் காற்று, காய்ந்த புல்லில் அடிப்பதுபோல.

"ஒம்பது மாசம் காஞ்சு கெடக்கு," என்றான் செல்ஸோ. "நனைக்கணும். இந்தா, சாராயம் ஊத்து. சீக்கிரம் ஊறும்."

"தண்ணி போதும்."

நனைக்க வேண்டும் என்பதை அவன் யோசித்திருக்கவில்லை. யாரும் ஊதக் கூடாது என்று இத்தனை நாள் காத்ததை இப்போது அவனே கழுவ வேண்டும். புட்டியைத் திறந்தான். கற்குவியலின் பக்கம் நின்று ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் ஊற்றினான். விரலால் மூடிக் குலுக்கினான். கவிழ்த்தான். ஐந்தாவது குழாயிலிருந்து தண்ணீரோடு பச்சையாக ஏதோ வந்து கல்லில் விழுந்தது. நகக்கண் அளவு. கோக்கா இலைத் துணுக்கு. ஊதும்போது அவள் வாயிலிருந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

குனிந்தான். அதை எடுக்க விரல் நீட்டினான். கல் முழுக்க இலைத் துணுக்குகள். இன்று ஒட்டியவை, நேற்று ஒட்டியவை, போன வாரத்தவை. எல்லாம் ஈரத்தில் ஒரே பச்சை. எது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றான். மற்ற எல்லோரும் மூட்டை கட்டினார்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

முகட்டில் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். செல்ஸோ முன்னால், அனீபல் பின்னால். காற்று இடப்பக்கத்திலிருந்து வந்தது. தோள்மேல் போட்ட போன்ச்சோக் கம்பளியைப் பிடித்து இழுத்தது. காலடியில் பாறை பலகை பலகையாகச் செங்குத்தாக நின்றது. ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் பாதத்தின் பாதிதான் பதிந்தது. உருண்ட கல் சிவப்புப் பக்கம் விழுந்தால் சத்தம் நெடுநேரம் கேட்டது. ஊதாப் பக்கம் விழுந்தால் கேட்கவே இல்லை.

செல்ஸோ திரும்பாமலே ஆறை ஊதினான். அனீபல் பதில் ஊதப் பார்த்தான்.

அவளுடைய சுரங்கள் அவனுக்குத் தெரியும், ஆனால் காதுக்குத்தான். அவன் மூச்சு இழுத்த இடங்களில்தான் அவள் ஊதினாள். இப்போது அந்த இடங்களில் ஊத வேண்டும். உடம்பு ஒப்பவில்லை. அவளுடைய சுரம் வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் நெஞ்சு தானாக மூச்சை உள்ளே இழுத்தது. இரண்டு வருடப் பழக்கம். அவள் ஊதும்போது இழுத்து இழுத்து, அவள் சுரம்தான் அவனுக்கு மூச்சு என்று நெஞ்சு கற்றுக்கொண்டிருந்தது.

"திரும்ப," என்றான்.

செல்ஸோ திரும்ப ஊதினான். ஆறாவது தடவையில் இரண்டு சுரம் பிடிபட்டது. ஏழாவதில் மூன்று. எட்டாவதில் அனீபல் குழலைப் பார்த்தான், பாறையைப் பார்க்கவில்லை. இடது கால் சரிந்தது. இரண்டு கையும் குழலில் இருந்ததால் எதையும் பற்ற முடியவில்லை. இடுப்பு பாறையில் மோதியது. கால் ஊதாப் பக்கம் தொங்கியது. செல்ஸோ அத்தனை உடம்போடு எப்படித் திரும்பினானோ, அனீபலுடைய போன்ச்சோவின் கழுத்தைப் பிடித்துவிட்டான்.

"குழலை விட்டுட்டுக் கல்லைப் புடி."

"விட மாட்டேன்."

"அப்போ இரு. நான் இழுக்கிறேன். என் சட்டை கிழிஞ்சா நீதான் என் பொண்டாட்டிகிட்ட சொல்லணும்."

இழுத்துப் போட்டான். இருவரும் முகட்டில் குதிரைமேல் உட்கார்வதுபோல ஆளுக்கொரு பக்கம் காலைப் போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். முன்னாலிருந்து நெலிடாவின் குரல் வந்தது.

"நடக்கிறப்போ ஊதாதீங்கடா. உக்காந்து ஊதுங்க. மாதாவுக்கு ஏற்கெனவே ஆள் நெறைய இருக்கு."

"இது உங்க டீச்சர் சொல்ற ஆறுதல்," என்றான் செல்ஸோ. கன்னத்தைத் தடவிப் பார்த்தான். "உருண்டை எங்க போச்சுன்னு தெரியல. முழுங்கிட்டேன் போல."

அனீபலுக்குச் சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்பு. அது நெஞ்சில் இடித்து வலித்தது.

போன வருடம் ஏறத்தாழ இந்த இடம்தான். நிமியா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டியபடியே ஊதிக்கொண்டு போனவள் சட்டென்று நின்று திரும்பினாள். தொப்பி நாடா கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"நீ முந்துற. என் சுரம் முடியறதுக்குள்ள உன்னோடது வந்துடுது."

"மூச்சு நிக்கல நிமியா."

"நிக்கலேன்னாலும் காத்திரு. நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்."

அப்போது அவன் எரிச்சலோடு ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று இப்போது எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் சொன்னது மட்டும் இருக்கிறது.

"போதுமா, போலாமா?" என்றான் செல்ஸோ.

"இன்னொரு தரம். உக்காந்தே."

ஊதினார்கள். பிறகு இருபது அடி ஏறி, உட்கார்ந்து ஊதினார்கள். அப்படியே ஏறினார்கள். உச்சிக்குக் கீழே ஒரு பாறைமேல் நெலிடா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முழுப் பாட்டும் ஒருமுறை வந்தது. இரண்டு இடத்தில் தடுக்கியது, ஆனால் நிற்கவில்லை. நெலிடா ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தாள். அதுவே அனுமதி.

கணவாயில் வெள்ளையடித்த மண் கோயில். அதைச் சுற்றிக் கூடாரங்களும் புகையும் நானூறு ஐந்நூறு பேரும். கோஷ்டிகள் வரிசையில் நின்றன. மாதா சின்ன உருவம், ஒரு முழம் இருப்பாள். கண்ணாடிப் பெட்டிக்குள் காகிதப் பூக்களுக்கு நடுவே இருந்தாள். நிமியா முதல் வருடம் அவளைப் பார்த்துவிட்டு, "இத்தனை சின்னவளா உன் காலைத் தூக்கி நிறுத்தினா," என்று அவன் காதில் சொன்னாள்.

முறை வந்தது. முழங்காலிட்டார்கள். ஆறு இடப்பக்கம், ஏழு வலப்பக்கம். அனீபல் முதல்முறையாக வலப்பக்கம் இருந்தான். மேளம் மூன்று தட்டு தட்டியது.

முதல் சுரத்தைத் தவறவிட்டான். இரண்டாவதைப் பிடித்தான்.

பிறகு பாட்டு அவனைத் தூக்கிக்கொண்டது. பக்கத்தில் பத்து ஏழுகள் ஊதின. அவற்றின் நடுவே நிமியாவின் ஏழு, மெழுகு வைத்த மூன்றாம் குழாய் கொஞ்சம் கரகரப்பாக ஒலித்தது. அவன் மூச்சு இழுத்தான். அந்த இடைவெளியில் இடப்பக்கமிருந்து ஆறு வந்தது. சீக்கிரம் வந்தது. செல்ஸோவுக்கு மூச்சு நிற்கவில்லை. ஒவ்வொரு சுரத்தையும் ஒரு நூலளவு முந்திக்கொண்டு வந்து மோதினான்.

இப்படித்தான் இருந்திருக்கிறது. இந்த இடத்திலிருந்து கேட்டால் அவன் இப்படித்தான் இருந்திருக்கிறான்.

முந்தி வருகிறவனோடு மோதாமல் பாட்டு போக வேண்டுமென்றால் ஒரே வழிதான். தன் சுரத்தின் வாலைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ள வேண்டும். அவன் வெட்டினான். பாட்டு மோதாமல் போனது. அவன் ஊதிய இரண்டு வருடமும் பாட்டு எங்கும் மோதியதில்லை. ஒருமுறை நிமியா நின்று திரும்பிச் சொன்னாள். அதைத் தவிர மற்ற நேரமெல்லாம் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். தன் மூச்சில் மிச்சம் இருந்தபோதே நிறுத்தியிருக்கிறாள்.

அடுத்த சுரம் வந்தது. ஊதினான். நிறுத்தினான். நான்காம் சுரத்தைத் தாழ்த்தினான். பாட்டு முடியும்வரை மாதாவைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் வலப்பக்கத்தில், நிமியாவின் இடத்தில், தெரிந்த தன் உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் நெலிடா அவன் தோளைத் தொட்டாள். "மூணு," என்றாள். "முடிஞ்சுது. உங்க அத்தைகிட்ட நான் சொல்றேன்." அடுத்த கோஷ்டி உள்ளே போக மேளத்தைத் தூக்கியது. அவள் ஆட்களைக் கணக்கெடுக்கப் போய்விட்டாள்.

கோயிலின் பின்சுவர் வெயிலில் சூடாக இருந்தது. அனீபல் அதில் சாய்ந்து உட்கார்ந்து இடது காலை நீட்டினான். செல்ஸோ இரண்டு தம்ளர் சூடான சோளக் கஞ்சியோடு வந்து ஒன்றை அவனிடம் கொடுத்தான்.

"எப்படி இருந்துச்சு இன்ஜினியரே? நெசமா சொல்லு."

"முந்துறீங்க அண்ணே."

"மூச்சு நிக்கலடா."

"தெரியும்."

"நாளைக்கு மாதாவோட எறங்கும்போது ஊதணும்ல. அப்போ காத்திருக்கேன்."

"காத்திருங்க."

குழல் இன்னும் ஈரமாக இருந்தது. ஈரத்தோடு உறையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அவள் எத்தனை முறை திட்டியிருக்கிறாள். அனீபல் அதைக் குலுக்கினான். சுவர்மேல் வெயில் படும் இடத்தில் வாய்ப்பக்கம் கீழே வரும்படி சாய்த்து வைத்தான். சுண்ணாம்பில் ஒரு சின்ன ஈரக்கறை விழுந்தது.

செல்ஸோ கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே அதைப் பார்த்தான். மெழுகு வைத்த குழாயை, சிவப்பு நூலை. ஒரு சாண் தள்ளியே கையை வைத்திருந்தான்.

"நல்ல நாணல். இப்போ இந்த மாதிரி கெடைக்கிறதில்ல," என்றான். கொஞ்சம் தயங்கினான். "ஒருதரம் ஊதிப் பாக்கவா? ஒரே ஒரு தரம். வேணாம்னா வேணாம்."

அனீபல் சுவரைப் பார்த்தான். ஈரக்கறையின் ஓரம் வெயிலில் சுருங்கிக்கொண்டிருந்தது.

"காயட்டும்ணே," என்றான்.